அஞ்சலிக்கு ஒரு போட்டோ

"ஏனுங்க, ஆரு ஊட்டுல எழவுன்னு எங்க வாசல்ல வந்து வண்டிய நிறுத்தறீங்க?"

கேட்டவர் நல்லான். வாசலில் நின்ற சாமியப்பன் மொபெட்டை அணைத்துவிட்டு அவரையே பார்த்தார். செத்துப்போனதாக அவருக்குச் சொல்லப்பட்ட ஆளே இந்த நல்லான்தான்.

அருள்புரம் பக்கம் வெறும் சோளக்காடாக இருந்த காலத்திலேயே வாரப் பத்திரிகை ஆரம்பித்த மனுஷர் சாமியப்பன். பனியன் கம்பெனிகள் முளைத்து, ஊர் நிரம்பி, ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகும், வெள்ளிக்கிழமை அவர் பேப்பரில் கண்ணீர் அஞ்சலி வந்தால்தான் இங்கே சாவுக்கு மரியாதை. அவருக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. தானே நேரில் போய் முகத்தைப் பார்த்து, போட்டோவைக் கையில் வாங்காமல் யார் சாவையும் போடமாட்டார். அதனால் அவருடைய மொபெட் தெருவுக்குள் நுழைந்தாலே யார் வீட்டில் எழவு என்று பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

"சொல்லுங்க சாமி. என்னையப் பாக்கத்தான் வந்தீங்களா?"

சாமியப்பனுக்கு மறைக்கத் தெரியவில்லை. "காலைல போன் வந்துச்சுங்க. நல்லான் தவறிட்டாரு, இந்த வாரமே அஞ்சலி போட்டுருங்கன்னு ஒரே அழுகை. ஆருன்னு கேக்கறதுக்குள்ள வெச்சுட்டாங்க."

நல்லான் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். போன மாதம்தான் நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க. நாலஞ்சு நாளா நாக்குல ருசியே இல்ல. காலு மரத்து மரத்துப் போகுது. இப்ப நீங்களும் வந்து நிக்கறீங்க."

உயிரோடு இருக்கும் ஒருவரின் வாசலில் சாமியப்பன் இப்படி நின்றதே இல்லை.

உள்ளேயிருந்து டம்ளரோடு வந்தான் குணா, நல்லானின் தம்பி. இருவரும் சேர்ந்துதான் பனியன் கம்பெனி நடத்துகிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணனுக்கு மாத்திரை, கஞ்சி எல்லாமே அவன் கையால்தான். இப்படி ஒரு தம்பி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று ஊரே சொல்லும். சாமியப்பனைக் கண்டதும் அவன் அங்கேயே நின்றுவிட்டான்.

"நீங்க எதுக்குங்க இப்பவே வந்தீங்க?"

சாமியப்பன் விஷயத்தைச் சொன்னார். குணாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆரோ வேணும்னே வெளையாடியிருக்காங்கண்ணா. இதப் போயி மனசுல வெச்சுக்காதீங்க. இந்தக் கசாயத்தக் குடிங்க."

நல்லான் வாங்கிக் குடிக்க ஆரம்பித்தார்.

"வெளையாட்டாத் தெரியலீங்க" என்றார் சாமியப்பன். "இன்னிக்கு வியாழக்கெழம. மத்தியானம் பக்கத்த முடிச்சு அச்சுக்குக் குடுத்துருவேன். அத உட்டா அடுத்த வாரந்தான். அதுக்குள்ள கருமாதியே முடிஞ்சுரும். அது தெரிஞ்ச ஆளுதான் காலைலயே அவசரப்பட்டிருக்கான்."

"சரி, உடுங்க. பெருசு பண்ணாதீங்க."

"அதெப்படிங்க உடறது? உசுரோட இருக்கற மனுசனுக்கு அஞ்சலி சொல்லியிருக்கான். ஆருன்னு இப்பவே கேட்டுப்போடறேன்."

சாமியப்பன் போனை எடுத்து, காலையில் வந்த நம்பரையே அழுத்தினார்.

குணாவின் கை சட்டைப் பைக்குப் போவதற்குள் அங்கே மணி அடித்தது.

"உம்பட போனுதான் கண்ணு, எடுத்துப் பேசு" என்றார் நல்லான், காலி டம்ளரைத் தம்பியிடம் நீட்டியபடி.