பதில் வெளிச்சம்

மின்மினி ஆய்வுக்காகக் காட்டோரத்தில் ஏழு வகைகளை எண்ணி முடித்துவிட்டு வந்த பவுலின், சுடலைக்கண்ணுவின் நெல்வயலில் பன்னிரண்டாவது அந்தியாக உட்கார்ந்திருந்தாள். ஆண் மின்மினி பறந்துகொண்டே இருமுறை மினுக்கும். புல்லில் கிடக்கும் இறக்கையில்லாத பெண் அதற்குப் பதிலாக இருமுறை மினுக்கும். இந்த வயலில் பெண் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அதனால் கையிலிருந்த சின்ன பல்பின் பொத்தானை அழுத்தி அவளே பதில் சொன்னாள். தினமும் ஒன்று வந்தது. தினமும் ஒன்று என்று எழுதினாள்.

மருந்தடித்தால் அந்தப் பதினொரு மின்மினியும் செத்துவிடும் என்றுதான் சுடலைக்கண்ணு அதைத் தள்ளிப்போட்டிருந்தார். அதற்குள் பாதி வயலின் இலைகளைப் புழு சுருட்டிவிட்டது.

நேற்று வந்த மின்மினியின் முதுகில் நகப்பாலிஷால் வெள்ளைப் புள்ளி வைத்துப் பறக்கவிட்டிருந்தாள். இன்று பல்பில் வந்து உட்கார்ந்ததன் முதுகில் அந்தப் புள்ளி இருந்தது.

“பன்னெண்டு ஆயிட்டுல்லா?” என்று வரப்பிலிருந்து சுடலைக்கண்ணு கேட்டார்.

“ஒண்ணுதான் அண்ணாச்சி. இத்தனை நாளும் இதுவேதான் வந்திருக்கும் போல.”

அவர் மெல்லக் குத்தவைத்து உட்கார்ந்தார்.

“அப்போ பொட்டைன்னு நெனச்சு இந்தப் பல்புக்கா தெனமும் வந்துச்சு?”

பவுலின் பல்பின் மேலிருந்த வெள்ளைப் புள்ளியைப் பார்த்தாள்.

“போதும்மா, எடுத்து வச்சிரு. நாளைக்கு மருந்தடிச்சிருதேன்.”

அவள் பையைத் திறந்தாள். மின்மினி எழும்பி அவள் முகத்துக்கு நேரே நின்று இருமுறை மினுக்கியது.

அவளுடைய கட்டைவிரல் பொத்தானை இருமுறை அழுத்தியது.