மூக்கின் மேல் ஒரு பொட்டு மருதாணி

துறைத் தேர்வில் இரண்டு முறை தவறிய தணிகாசலத்துக்கு, நான்கு வரி படித்ததுமே விரல் தானாகச் செல்போனைத் தேடிப் போய்விடும். மூன்றாம் முறை எழுதுவதற்கு முந்தைய ஞாயிறன்று, அவன் கேட்டுக்கொண்டபடியே மனைவி புனிதவல்லி மருதாணி அரைத்து அவனுடைய பத்து விரல்களுக்கும் தொப்பி வைத்தாள். எதிரில் உட்கார்ந்து புத்தகத்தின் பக்கங்களையும் அவளே திருப்பினாள். ஐந்தாம் பக்கத்தில் செல்போன் அதிர்ந்தது. அவள் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் அவன் குனிந்து மூக்கால் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தான். “மூக்க விட்டுட்டேனே” என்றாள். “அதுக்கும் ஒரு பொட்டு வச்சிரு.” “நாளைக்கு ஆபீஸ்ல சிரிப்பாங்க.” “மறுபடி ஃபெயிலானா மட்டும் அழுவாங்களா?” அவள் சிரித்துக்கொண்டே வைத்தாள். பிறகு வெகுநேரம் பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. மருதாணி காய்ந்து புத்தகத்தின் மேல் உதிரத் தொடங்கியபோது செல்போன் மீண்டும் அதிர்ந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். “காஞ்சிருச்சுங்க, கழுவிக்கலாம்” என்றாள் புனிதவல்லி. அவன் விரல்களை விரித்தபடியே புத்தகத்தின் மேல் குனிந்தான். “இரு, இந்தப் பக்கத்தத் திருப்பு” என்றான்.