கைக்குத்தல் அரிசிச் சோறு

அரிசி இன்னும் வேகவில்லை.

ஞானசெல்வி ஒரு பருக்கையைக் கரண்டியில் எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். நடுவில் நறுக்கென்று இருந்தது. மதியமே ஊறப்போட்ட அரிசிதான். பொன்னி என்றால் இந்நேரம் வடித்து நிமிர்த்தியிருப்பாள். கைக்குத்தல் அரிசியோடு அவளுக்குப் பழக்கமில்லை.

பெத்துராஜுக்குச் சர்க்கரை இருக்கிறது. ராத்திரிக்குக் கைக்குத்தல் அரிசிச் சோறுதான் சாப்பிடுவாராம். கூட மாட்டுக்கறி இருந்தால் இரண்டு வாய் அதிகமாக இறங்குமாம். அவருடைய அக்கா போனில் சொன்னது. ரொம்ப மெனக்கெட வேண்டாம், ஒரு குழம்பும் சோறும் போதும் என்றும் சொல்லியிருந்தாள்.

அந்த ஒரு குழம்புக்காக ஞானசெல்வி காலையில் கடையநல்லூருக்கு பஸ் ஏறிப் போய், முகம்மது சாதிக் பாய் கடையில் நின்று இளங்கறியாகக் கேட்டு வாங்கி வந்தாள்.

பெரிய வேலை ஒன்றுமில்லை. சின்ன உள்ளி, இஞ்சி, பூண்டு, மல்லித்தூள், கொஞ்சம் தூக்கலாக மிளகு, தேங்காய்ச் சில்லு. வதக்கி, கறியைக் கொட்டி, குக்கரை மூடினால் அது தன்பாட்டுக்கு வெந்துவிடும்.

அவளுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். ஸ்டேஷன் பக்கமிருந்து ஆட்டோ எதுவும் வரவில்லை. திரும்பி வந்து அடுப்பைக் கூட்டினாள். உடனே குறைத்தாள். துடைத்த மேடையை மறுபடியும் துடைத்தாள். பக்கத்துத் தெருவில் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. என்றைக்கும் காதில் விழாத சத்தம், இன்றைக்கு மண்டைக்குள் ஓடியது.

விஜிதாவின் அறைக் கதவு சாத்தியே இருந்தது. ஜவுளிக்கடை வேலை விட்டு வந்தவள் முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனதுதான். சத்தமே இல்லை.

பெத்துராஜை விஜிதாவுக்குப் பேசியதே ஞானசெல்விதான். சர்ச்சில் ஒரு கல்யாணத்தில் பார்த்து, விசாரித்து, ஆள் விட்டுக் கேட்டதெல்லாம் அவள்தான். ராஜபாளையத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். குடி கிடையாது. அதிர்ந்து பேசாத மனுஷன். மாட்டேன் மாட்டேன் என்றிருந்த விஜிதாவோடு மல்லுக்கட்டிச் சம்மதிக்க வைத்தவளும் அவள்தான்.

நாள் நெருங்க நெருங்கத்தான் பயம் பிடித்தது. விடிந்ததும் இரண்டு டம்ளரில் காபி ஆற்றும் வீடு இது. இனி அந்தக் காபியை எதிரே உட்கார்ந்து குடிக்க யாரும் இருக்கமாட்டார்கள். காய்ச்சல் வந்து படுத்தால், என்ன செய்யுது என்று கேட்க இந்தச் சுவர்தான்.

ஒருவழியாகச் சோறு மலர்ந்தது. வடித்து வைத்துவிட்டு குக்கரைத் திறந்தாள். மிளகும் கறியும் சேர்ந்த வாசனை அடுக்களையை நிறைத்தது. நன்றாக வந்திருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்தது. தேவையான உப்பைப் போட்டுக் கிண்டினாள்.

கை மறுபடியும் உப்பு ஜாடிக்குள் போனது.

ஒரு கைப்பிடி. வாயில் வைக்க முடியாமல் போய்விடும். அந்த அக்கா முகத்தைச் சுளிப்பாள். பேச்சு எங்கேயாவது தட்டும். தட்டினால் பிறகு ஆறு மாசம் ஓடிவிடும்.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக யாரும் ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் மூடிய கை குக்கருக்கு மேலேயே நின்றது. ஆவி பட்டு உள்ளங்கைக்குள் உப்பு கசியத் தொடங்கியது.

பின்னால் கதவு திறந்தது.

விஜிதா பச்சைச் சேலை கட்டியிருந்தாள். தலை வாரியிருந்தாள். நின்று அந்தக் கையைப் பார்த்தாள். கிட்டே வந்து ஞானசெல்வியின் மணிக்கட்டைப் பிடித்து, ஜாடிக்கு மேலே கொண்டுபோனாள். விரல்கள் தாமாகப் பிரிந்தன.

ஞானசெல்விக்கு முகத்தை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஏட்டி, நேரமாச்சு. போய்ப் பூ வச்சுக்கோ. ஒன்னையப் பாக்கத்தான அவ்வளவு தூரத்துலேர்ந்து வாராக."

"என்னையப் பாக்க வரல," என்றாள் விஜிதா. பிடித்த கையை விடவில்லை. "நீங்களும் எங்ககூட வந்து இருந்தாத்தான் இந்தக் கல்யாணம்னு போன வாரமே போன்ல சொல்லிட்டேன். சரின்னுட்டாக. உங்களைக் கூப்பிடத்தான் அக்காவும் தம்பியும் வாராக, அத்தை."

ஞானசெல்வியின் மகன் செல்வக்குமார் திருவேங்கடம் ரோட்டில் பைக்கோடு விழுந்து செத்து நான்கு வருஷமாகிறது. அடக்கம் முடிந்த மறுநாள் விஜிதாவைக் கூட்டிப்போக அவள் அப்பா கார் கொண்டுவந்தார். பெட்டியெல்லாம் ஏற்றியாகிவிட்டது. மாமியாரைத் தனியே விட்டுவிட்டு வரமாட்டேன் என்று, ஏற்றிய பெட்டிகளை அவளே ஒவ்வொன்றாக இறக்கி உள்ளே கொண்டுவந்து வைத்தாள்.