சுவரொட்டி விரல்

ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் சுவரொட்டிக்காக, பூட்டு ரிப்பேர்க்கடை அருமைநாயகத்தை எதிரே விரலை நீட்டச்சொல்லி நிற்கவைத்துத்தான் ஓவியர் வரைந்தார். சூம்பிய கால் தெரியாதபடி இடுப்போடு நிறுத்திக்கொண்டார். எங்கே நின்று பார்த்தாலும் அந்த நீட்டிய விரல் தன்னையே காட்டுகிறது என்று சொல்லிக்கொண்டு, ஊர் இளவட்டங்கள் வரிசையாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

சண்டை ஓய்ந்து ஒரு வருடம் கழித்து, பின்தெரு மரகதவல்லி கடைக்கு வந்தாள். கையில் பூட்டு எதுவும் இல்லை.

“என்னம்மா வேணும்?”

“நீங்க கூப்பிட்டுத்தான எம்புள்ள போனான்? அதே மாதிரி கைய நீட்டி, வீட்டுக்கு வாடான்னு ஒரு தடவ சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா கேப்பான்.”

அருமைநாயகம் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்தார். விரலை நீட்டினார். பழக்கதோஷத்தில் அது அவளைத்தான் காட்டியது.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து, சண்டை நடந்த வடக்குப் பக்கமாக மெல்லத் திருப்பிவிட்டுக் காத்திருந்தாள்.