ஒரு பெண் குரல் வேணும்

பஸ் டிரைவர் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "ஹலோ... நான்தாங்க பேசறேன்" என்று கொஞ்சினார். எதிரே அவர் மனைவி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. இன்று சாயங்காலம் வீடியோவில், சைகை மொழியில், அவளுக்கு வேலைக்கான நேர்காணல். இன்றைக்கென்று பார்த்து வீட்டு நெட் நின்றுபோயிருந்தது. கனெக்‌ஷன் அவள் பெயரில் இருக்கிறதாம். அவளே போனில் பேசிக் குரலைப் பதிவு செய்தால்தான் திரும்ப வருமாம்.

"அவளால பேச முடியாதும்மா, எழுதித் தர்றோமே?" என்று காலையிலேயே கெஞ்சிப் பார்த்துவிட்டார்.

"எழுத்து செல்லாது சார். ஒரு பெண் குரல் பதிவாகணும். ஒரு... பெண்... குரல். இதே நம்பருக்குக் கூப்பிடுங்க, நானே எடுப்பேன்" என்று வைத்துவிட்டாள் கஸ்டமர் கேர் பெண். கல்நெஞ்சக்காரி என்று டிரைவர் திட்டித் தீர்த்தார்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். வேறு வழியில்லாமல்தான், ஹாரனே தோற்கும் தன் தொண்டையில் தேன் குழைத்துக்கொண்டிருந்தார்.

"பிறந்த தேதி சொல்லுங்க மேடம்."

கீச்சுக் குரலில் சொன்னார். பாதியில் கரகரத்தது. "ஜலதோஷம்ங்க..."

மறுமுனையில் அவள் இருமினாள். "வீட்டுக்காரர் பக்கத்துல இருக்காரா? அவர்கிட்ட குடுங்க."

மூக்கை விட்டார். "சொல்லும்மா!" ஜன்னல் அதிர்ந்தது.

"நன்றி சார். மேடம்கிட்ட குடுங்க."

மூக்கைப் பிடித்தார். "சொல்லுங்க..."

"இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஹலோ சொல்லுங்க."

டிரைவர் மூக்கைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். அவர் முகத்தைப் பார்த்து மனைவியின் சிரிப்பும் நின்றுபோனது.

"தப்புதாம்மா, நான்தான் பேசினேன்" என்றார், சொந்தக் குரலில். "என்னை என்ன வேணா பண்ணுங்க. ரெண்டு வருஷமா வேலை தேடுறா, அவ லைனை மட்டும் நிறுத்திடாதீங்க."

அந்த நேரம் பார்த்து மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. மனைவி துள்ளி எழுந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"உங்க குரல் எப்பவோ பதிவாயிடுச்சு சார். அப்புறம் கேட்டதெல்லாம் சும்மா விளையாட்டுக்கு" என்ற கஸ்டமர் கேர் பெண், அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "எங்கப்பாவுக்கும் காது கேக்காது, போன மாசம் அவருக்காக நான் ஆம்பளைக் குரல்ல பேசினேன்!"