உடற்பயிற்சி இல்லாதவர்

ஆய்வுக்கூட நாற்காலியில் டொமினிக் ஒரு காலின் கால்சட்டையைத் தொடைவரை சுருட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். தசை ஆய்வுக்காக இரண்டாம் முறையாக அரிசி மணியளவு சதை எடுத்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது. கணினித் திரையில் அவருடைய முதல் மாதிரி. தசை நுண்ணிழைகளை ஒன்றோடொன்று இழுத்துக் கட்டும் டெஸ்மின் என்ற புரதம் அதில் சாயம் ஏறிப் பச்சையாக எரிகிறது. இதே ஆய்வுக்காக எட்டு வாரம் மூச்சிரைக்கச் சைக்கிள் மிதித்தவர்களின் சதையில்கூட இத்தனை அடர்த்தி இல்லை. ஆராய்ச்சி மாணவி நடாலி அவருடைய படிவத்தைப் புரட்டுகிறாள். ‘உடற்பயிற்சி: இல்லை’ என்ற கட்டத்தில் அவரே போட்ட டிக். “அங்கிள், நீங்க என்ன வேலை செய்றீங்க?” “செலாயாங் பாசார்ல லோரியிலருந்து வெங்காய மூட்டை இறக்குறேன்மா. பதினெட்டு வருஷம்.” அவள் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். “சாரி அங்கிள், உங்க சாம்பிள யூஸ் பண்ண முடியாது. சும்மா உக்காந்திருக்கிறவங்க குரூப்புக்குத்தான் உங்கள எடுத்தோம்.” சிவப்புப் பேனா அவர் பெயரின் மேல் நிதானமாகப் போகிறது. ஏசி காற்றில் தாளின் ஓரம் படபடக்கிறது. காய்த்துப்போன உள்ளங்கையை முழங்காலில் வைத்தபடி டொமினிக் திரையில் எரியும் தன் சதையையே பார்க்கிறார். “காயம் ஆறணும். ரெண்டு நாளைக்கு எக்சர்சைஸ் வேணாம், ஓகேவா அங்கிள்?” அவர் கால்சட்டையை இறக்கிவிடுகிறார். “எக்சர்சைஸ் நான் எங்கம்மா செய்றேன்? நாளைக்கு ரெண்டு லோரி வெங்காயந்தான் லா.”