வரதராசாவின் பற்றறி

நீலச் சேர்ட்டை இரண்டாந்தரமும் அயன் பண்ணிப் பைக்குள் வைத்தாள் அருந்ததி. நாற்பத்தொரு நாளுக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவர் வீட்டுக்கு வருகிறார்.

அவள் கணவர் வரதராசா மோட்டார் இஞ்சினியர். வெள்ளவத்தை வீட்டுக் கராஜில் பழைய மொறிஸ் மைனர் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, சிங்கப்பூரிலிருந்து எடுப்பித்த புது லிதியம் செல்களை அடுக்கிப் பற்றறி செய்துகொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, இந்தச் சண்டைக் காலத்தில தமிழரின்ர வீட்டில வயரும் செல்லும் கிடக்கலாமே?" என்று அவள் அப்போதே கேட்டாள்.

"ஒருக்கா சார்ஜ் பண்ணினா கண்டி வரைக்கும் ஓடும். பெற்றோல் வேண்டாம், புகை வராது. இனி உலகமே இப்பிடித்தான் ஓடப்போகுது, இருந்து பாருமன்!"

வீடு சோதிக்க வந்த பொலிஸார் அதைக் குண்டு என்றார்கள். பற்றறியையும் அவரையும் ஒரே ஜீப்பில் ஏற்றினார்கள். போகும்போது, 'லிதியம் பற்றறி ஒன்று' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அவளிடம் ஒரு துண்டு கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து ஸ்டேஷன் வாசலே கதியென்று கிடந்தாள். அவரைப் பார்க்கலாமா என்று கேட்கும்போதெல்லாம், "றிப்போட் வரட்டும்" என்பதுதான் பதில். பற்றறியைச் சோதிக்க அனுப்பியிருந்தார்கள்.

நேற்று றிப்போட் வந்துவிட்டது. இன்றைக்கு லோயர் பைறோஸாவும் அவளோடு வந்தாள். இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் வாசிக்க வாசிக்க, பைறோஸா தமிழில் சொன்னாள்.

"ஆணி அடிச்சும் பாத்திருக்கிறாங்க. வெடிக்கல்ல, பத்தவும் இல்ல. கார் பற்றறிதானாம். நல்லாச் செஞ்சிருக்காராம்."

"அதைத்தானே அவர் அண்டைக்கே தலையிலடிச்சுச் சொன்னவர்!" அருந்ததிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கொன்ஸ்டபிள் பற்றறியைத் தூக்கிவந்து மேசையில் வைத்தான். காட்டிய இடத்தில் அருந்ததி கையெழுத்துப் போட்டுவிட்டு, உள்கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருவரும் வரவில்லை.

"அவர் எங்கை எண்டு கேளுங்கோ."

பைறோஸா கேட்டாள். இன்ஸ்பெக்டர் பிடிபட்டவர்களின் பெயர் பதியும் தடித்த புத்தகமொன்றை விரித்து, மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார். மூடிவைத்துவிட்டு ஏதோ சொன்னார்.

பைறோஸா அருந்ததியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பிடி ஒரு ஆள இவங்க புடிக்கவே இல்லயாம்."